பார்வதி பார்த்த சிதம்பரம்

மகனிடமிருந்து போன் வந்தபோது மாணிக்கம்மாள் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காலை மணி பத்து இருக்கும்.

"எம்மா, டவுன்ஷிப்புல பதினெட்டாம் பிளாக்குல நிக்கிறேன். பெரியவரு ஒருத்தரு முன்ன குடியிருந்த வூட்டத் தேடிக்கினு இருக்காரு. அவரு ஒரு வூட்டக் காட்டுறாரு, அவரு பொண்ணு இது இல்லன்னு சொல்லுது. எனுக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு ஆட்டோ புடிச்சி வந்துடேன்."

இளவழகன் சொந்தக் கார் வைத்திருக்கிறான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சிதம்பரத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஒரு குடும்பம், ஒரு கார், ஒரு முழு நாள். எந்தக் கோபுரம் எந்த ராஜா காலத்தது, தேர் எந்த வீதியில் திரும்பும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பைச் சுற்றிக் காட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மாணிக்கம்மாளுக்கு அது வேறு. முப்பத்தோரு வருஷம் ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற கான்ட்ராக்ட் வேலை பார்த்தவள். அந்த ஊரில் அவளுக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆனால் எந்த வீட்டில் எந்த மரம், எந்த மரத்தடியில் எந்த அம்மா நின்று பேசுவாள் என்பது அவளுக்குத் தெரியும். கீரையை முறத்தோடு உள்ளே வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்டோ டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் அப்படியே அடங்கிப்போனது. இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கைகோத்து நின்றன. அவள் இடுப்பு உயரத்தில் பார்த்த கன்றுகள். அப்போதெல்லாம் மதியம் இரண்டு மணிக்குச் சுரங்கத்துச் சங்கு ஊதினால் இந்த ரோடு முழுக்க சைக்கிள்கள் வரும். ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸும் ஹேண்டில்பாரில் ஆட, கறுத்த முகங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போகும். குழாயைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டு நிற்பாள். இப்போது ஒரு பிளாக் முழுக்கத் தாண்டியும் ஒரு ஸ்கூட்டர்தான் எதிரே வந்தது. பாதி வீடுகள் காலி. வேலிக் குரோட்டன்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து வாசலை மறைத்திருந்தன.

காரின் பக்கத்தில் எழுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர், வெள்ளை வேட்டியில், பூட்டிய வீடு ஒன்றைப் பார்த்தபடி நின்றார். இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. அந்தத் தோளைப் பார்த்ததுமே மாணிக்கம்மாளுக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

"மருதாசலம் சார் தான?"

அவர் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வூட்டம்மா பேரு பார்வதி. சரிதான?"

"நீங்க... தண்ணி விடற மாணிக்கமுங்களா?"

"அதே மாணிக்கம்தான் சார்."

பெரியவர் முகம் மலர்ந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். சுரங்கத்து ராட்சத இயந்திரத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று, ஊரோடு போனவர். கூட வந்திருந்தவள் மகள் சண்முகப்ரியா. சின்ன வயதில் இரட்டைப் பின்னலோடு இந்த ரோட்டில் பள்ளிக்கூடம் போன பெண். இப்போது காதோரம் நரைத்திருந்தது.

"பார்வதிம்மா வரலீங்களா?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள்.

சண்முகப்ரியா மெதுவாகத் தலையசைத்தாள். "அம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சுக்கா."

மாணிக்கம்மாள் பக்கத்து மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். தன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள் பார்வதி. எங்கோ ஊரில் சௌக்கியமாக இருப்பாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வூடு இது இல்ல. அப்ப முக்குல பால் பூத்து இருந்துச்சி இல்ல, அத வெச்சித்தான் திரும்புவீங்க. இப்ப பூத்து இல்ல, அதான் ரெண்டு தெரு முன்னாடியே திரும்பிட்டீங்க" என்று நடந்தாள்.

கடைசி வரிசையில், கோடிக்கு முந்தின வீடு. நெல்லி மரம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு ஜன்னல் கதவுகள் இல்லை. கூடத்துக்குள் சருகு குவிந்து கிடந்தது. சண்முகப்ரியா ஒவ்வொரு அறையாகப் போய், "இங்கதான் என் மேஜை... இங்கதான் அம்மா கோலப்பொடி டப்பா வைப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் காலி வீட்டில் எதிரொலித்தது.

மருதாசலம் உள்ளே போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து இந்தத் தம்பி சிதம்பரத்தை எல்லாம் நல்லாத்தான் காட்டினாரு," என்றார். "எனக்குத்தான் ஒண்ணும் மனசுல ஏறலீங்க. பார்வதி எத்தனை தடவை கேட்டிருப்பா. ஒருக்கா சிதம்பரம் கூட்டிட்டுப் போங்க, இதா இருக்குதுன்னு. அடுத்த ஆஃப்ல போலாம், அடுத்த ஆஃப்ல போலாம்னே இருபது வருஷம் ஓட்டிட்டேன். ஆஃப் வந்தா ஓ.டி. பாப்பேன், இல்லாட்டித் தூங்குவேன். அப்புறம் ஊருக்கே போயாச்சு. அவளும் போய்ட்டா. நேத்து கோபுரத்துக்குக் கீழ நின்னப்ப, அவளைக் கூட்டிட்டு வராத எடத்துக்கு நான் மட்டும் எதுக்கு வந்தேன்னு இருந்துச்சு."

மாணிக்கம்மாள் அந்தப் பக்கமாகத் திரும்பி நெல்லி மரத்தைப் பார்த்தாள். இந்த மரத்தடியில்தான் பார்வதி அவள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். முப்பத்தாறு வருஷம் அந்த ரகசியத்தைப் புருஷனிடம் சொன்னதில்லை; கூட வேலை செய்தவர்களிடமும் சொன்னதில்லை. ஆனால் சத்தியம் வாங்கியவள் இன்று இல்லை. இந்த மனிதரோ செய்யாத ஒன்றை நினைத்து நொந்துகொண்டிருக்கிறார்.

"சார்," என்றாள். "பார்வதிம்மா சிதம்பரம் பாத்தாங்க."

அவர் நிமிர்ந்தார். உள்ளேயிருந்து சண்முகப்ரியாவும் வந்து வாசற்படியில் நின்றாள்.

"எம்பத்தெட்டு, பங்குனி மாசம். உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், மேல ஓ.டி. நானும் அவங்களும் போனோம். யாருக்கும் தெரியாது."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

முந்தின நாள் மதியம் பார்வதி வேலியோரம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "மாணிக்கம், நாளைக்கு ஒரு நாள் லீவு போடறியா? எனக்கு சிதம்பரம் பாக்கோணும். தனியாப் போக பயமாக் கெடக்குது" என்றாள். மாணிக்கம்மாளும் அதுவரை வேலைக்கும் கல்யாணம் கருமாதிக்கும் தவிர எங்கும் போனதில்லை. மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள்.

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வடலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். பார்வதி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எட்டி எட்டிப் பார்த்தாள். கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றியபோது, குடையை இடுக்கிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் வந்து, "கோயிலைச் சுத்திக் காட்டட்டுங்களா?" என்றார்.

"காசு அவ்ளோ இல்லீங்க. புளிச்சோறு இருக்குது. ஆகுங்களா?" என்று பார்வதி கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊறுகாய் இருக்கா?"

இருந்தது. அவ்வளவுதான், மனிதர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ராஜாக்களைப் பற்றியெல்லாம் ஏதோ சொந்தப் பங்காளிகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். பார்வதி அவரை விடவில்லை. இந்தத் தூணை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள், இந்தக் குளத்தில் தண்ணீர் வற்றுமா என்று கேட்டுக்கொண்டே போனாள். சிவகங்கைக் குளத்துப் படியில் மூன்று பேருமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். அப்புறம் அவர் மேற்குக் கோபுர வாசலுக்குக் கூட்டிப்போய், சுவரில் ஆடுகிற சிலைகளைக் காட்டிவிட்டுக் கும்பிட்டு விடைபெற்றார்.

"அவரு போனதும், பார்வதிம்மா சுத்திமுத்தும் பாத்தாங்க. வாசல்ல ஆளே இல்ல. புடவையத் தூக்கிச் சொருகிக்கினு, செலை மாதிரியே ஒரு கால மடக்கித் தூக்கி, கைய இப்பிடி நீட்டிக்கினு நின்னாங்க. ஒரு நிமிசம் நின்னிருப்பாங்களா? அப்பிடியே ஆடி என் தோளு மேல வுழுந்துட்டாங்க. ரெண்டு பேரும் அந்தச் செவுத்துல சாஞ்சி சிரிச்சோம் சார். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம்."

மருதாசலத்தின் உதடுகள் அசைந்தன.

"சிரிச்சி முடிச்சப்பறந்தான் ஞாபகம் வந்துச்சி. செருப்பு கெழக்கால கெடக்கு, நாங்க மேக்கால நிக்கிறோம். உச்சி வெயிலு. கருங்கல்லு அடுப்பு மாதிரி கொதிக்குது. எங் காலு பழகின காலு. அவங்களுக்குத்தான் தாங்கல. ஆ, ஊன்னு குதிச்சிக்கினே அத்தந் தூரமும் ஓடுனாங்க. திரும்பி வர்றப்ப சேத்தியாத்தோப்புல பஸ்ஸு டயரு வெடிச்சி, வூடு வந்து சேர நாலரை மணி ஆயிப்போச்சி."

சண்முகப்ரியா சட்டென்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இந்தப் படியிலதான் உக்காந்திருந்தேன்! மூணாங் கிளாஸ். வீடு பூட்டி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்னு சொன்னாங்க. ஆனா நெத்தி நெறைய விபூதி, முகமெல்லாம் சிரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து யாராவது சிரிப்பாங்களான்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

மருதாசலம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"காலெல்லாம் கொப்புளம்," என்றார். "அன்னைக்கு ராத்திரி பாத்தேன். என்னாச்சுன்னு கேட்டதுக்கு, தோட்டத்து மண்ணுல நின்னேன், சுட்டுருச்சுன்னா. மண்ணு அப்படிச் சுடாதுன்னு எனக்குத் தெரியும். எங்கியோ போயிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சுது. கேக்கலை. என்னன்னு கேப்பேன்? நான் கூட்டிட்டுப் போயிருந்தா அவ எதுக்குத் தனியாப் போறா? வெண்ணெய் எடுத்துக் கால்ல தடவிவிட்டேன். அவளும் சொல்லலை, நானும் கேக்கலை. எங்க போனாள்ங்கறது இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

வெண்ணெய் தடவிய கதை மாணிக்கம்மாளுக்கும் புதிது. பார்வதி அதை அவளிடம் சொல்லவில்லை.

அவர் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இன்னொருக்கா சிதம்பரம் போலாமுங்களா?"

"நேத்தே முழுக்கக் காட்டிட்டேனே சார்," என்றான் இளவழகன்.

"அது ராஜா கட்டினது தம்பி. நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. இப்ப எனக்கு இவங்க காட்டோணும். எங்க உக்காந்து சோறு தின்னாங்க, எங்க ஓடினாங்க, அதைப் பாக்கோணும்."

மாணிக்கம்மாள் கையைப் பிசைந்தாள். "எனுக்கு என்னா சார் தெரியும்? எந்தச் செலைக்கு என்னா பேருன்னுகூட தெரியாது."

"பேரு எதுக்கு?" என்றார் மருதாசலம்.

வடலூரில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார்கள். கிழக்கு வாசலில் செருப்பை விட்டதும் மாணிக்கம்மாள் முன்னால் நடந்தாள். முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு கால்களே வழி கண்டுபிடித்தன. இங்கே நின்று பார்வதி தூணை அண்ணாந்து பார்த்தாள். இங்கே குடைக்காரரிடம் ஏதோ கேட்டு மடக்கினாள். குளத்துப் படியில் எந்தப் படி என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, மூன்றாவதோ நாலாவதோ. மருதாசலம் இரண்டிலுமே உட்கார்ந்து எழுந்தார். இளவழகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். பழக்க தோஷத்தில் ஒரு முறை "இந்த மண்டபம்..." என்று ஆரம்பித்தவன், தானாகவே வாயை மூடிக்கொண்டான்.

மேற்குக் கோபுர வாசலின் நிழலுக்குள் வந்ததும் அவள் நின்றாள். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஆடுகிற உருவங்கள். ஒன்றைத் தேடினாள். ஒரே மாதிரி இரண்டு இருந்தன.

"இதுவாத்தான் இருக்கும் சார். இல்லாட்டி அது. திட்டமாச் சொல்ல முடியல."

மருதாசலம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா நின்னாளுங்களா?"

"எங்க சார்? தெரு நாய் கால தூக்குன மாதிரிதான் இருந்துச்சி."

சொல்லிவிட்டு மாணிக்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சண்முகப்ரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். வந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மகள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

துண்டை எடுத்தபோது முகம் தெளிந்திருந்தது. "நல்ல வேளைம்மா, நீ அவளைக் கூட்டிட்டு வந்தே."

"நான் எங்க சார் கூட்டியாந்தேன்? என் வயசுக்கு அதுதான் நான் மொத மொதல்ல ஊரு பாக்கப் போனது. அவங்கதான் என்னை இட்டுக்கினு வந்தாங்க."

அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டபோது விளக்கு வைக்கிற நேரம். சண்முகப்ரியா மாணிக்கம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

திரும்பி வரும்போது மாணிக்கம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புவனகிரி தாண்டியதும் இளவழகன் கேட்டான்.

"ஏம்மா, பத்து வருசமா சிதம்பரத்துக்கு ஆள ஏத்திக்கினு போறேன். எங்கிட்டகூட இத ஒரு வார்த்த சொல்லலியே?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் இல்ல."

"சரி, சத்தியம். இப்ப அத மீறிட்டியே, ஒண்ணும் தோணலியா?"

பார்வதி எதிரே வந்து நின்றால் கோபித்துக்கொள்வாளா என்று மாணிக்கம்மாள் நினைத்துப் பார்த்தாள். கோபிப்பாள். நெல்லி மரத்தடியில் நின்று ஒரு மூச்சு திட்டுவாள். அப்புறம், அவர் என்ன சொன்னார், சிரித்தாரா என்று ஒன்று விடாமல் கேட்பாள்.

"தோணாமலா? அழுகையா வருது," என்றாள். "ஆனா அந்த மனுசன் சிரிச்சாரு, பாத்த இல்ல?"

இளவழகன் தலையாட்டினான். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள்.