கண்ணாடி ஏற்றிய கார்

சாமந்தி மாலையைக் காரின் முகப்பில் கட்டப் போன அறிவின் கையை நர்மதா தட்டிவிட்டாள். மாலை சேற்றில் விழுந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னா அண்ணி?"

"அவரு இதுல போமாட்டாரு."

முந்தின நாள் சாயங்காலம் அவள் புருஷன் எத்திராஜைப் பிணமாக இந்தக் காருக்குள்ளிருந்துதான் தூக்கினார்கள். கண்டெய்னர் யார்டு வெல்டர். பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை வாங்கிவந்து, திருவொற்றியூர் வீட்டு வாசலிலேயே தகடு வெட்டி, தட்டி, தானே கட்டிய கார். டாக்டர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டார். வந்தவர்களெல்லாம், "ஆசப்பட்ட கார்லயே போய்ட்டான், குடுத்து வச்சவன்" என்றார்கள். கேட்கக் கேட்க நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அறிவு எத்திராஜின் தம்பி. மாதவரத்தில் சீட் கவர் கடை வைத்திருக்கிறான். பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான்.

"பின்சீட்டு இன்னும் வெக்கல அண்ணி, நீட்டிப் படுக்க வெக்கலாம். பசங்க தள்ளிகினு வருவானுங்க. அண்ணனுக்குச் செய்ற கடைசி மரியாத."

"நீ செஞ்ச மரியாத போதும்."

எத்திராஜ் முதல் கதவின் உள்தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, துரு போக்கி, ரெட் ஆக்சைடு அடித்து, பசை தடவி, மரூன் ரெக்சினை இழுத்து ஒட்டி முடித்த அன்று தம்பியைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். துறைமுகக் கரித்தூள் ஈரப் பசையில் உட்கார்ந்து, ரெக்சினுக்கு அடியில் பொரிப்பொரியாகத் தெரிந்தது. அறிவு தெருவே கேட்கச் சிரித்தான். "இன்னாண்ணே, கதவுக்கு அம்ம போட்டுக்கீது? கண்ணாடிய ஏத்திகினு ஒட்டு, தூசு எப்டி வருதுன்னு பாக்கலாம்."

மறுநாளிலிருந்து நாலு கண்ணாடியும் ஏறிவிட்டன. அறிவின் கடையில் பசை வேலை நடக்கும்போது வாடையை வெளியே தள்ள எக்சாஸ்ட் ஃபேன் ஓடும். அதை அவன் அண்ணனிடம் சொல்லவே இல்லை.

"தல சுத்துதுன்னு வந்து ஒக்காருவாரு" என்றாள் நர்மதா. "கண்ணாடிய எறக்குய்யான்னா, தூசு படும், தம்பி பாத்தா சிரிப்பான்னுவாரு. சிரிடா இப்போ."

அறிவின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வீம்பு போகவில்லை. "பச வாடைல யாராச்சும் சாவாங்களா? நான் அதுலதான் காலந்தள்ளிகினு கீறேன்."

"அப்போ உள்ள போய் ஒக்காரு. அவர வெளிய எடுக்குற வரிக்கும் ஒக்காந்துகினு இரு. அப்பால இதுலயே இட்டுகினு போ."

ஊரே பார்க்கிறது. அறிவு ஏறி உட்கார்ந்தான். நர்மதா கதவை அறைந்து சாத்தினாள். எத்திராஜைத் தூக்கிய கையோடு யாரோ சாத்திய காரை, அதுவரை யாரும் திறக்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

முதலில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு இருமினான். கீழே கையை ஊன்றிக் குனிந்தவன், நிமிர்ந்து கண்ணாடியைத் தட்டினான். நர்மதா கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். மற்றக் கதவுகளுக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. தட்டல் முதுகெலும்பில் கேட்டது. அவரும் இப்படித் தட்டியிருப்பாரோ. அவள் சமையல்கட்டில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

"வுட்றி, பாவி!" என்று மாமியார் முத்தம்மா ஓடிவந்தாள். "ஒண்ணு போனது போதாதா?"

நர்மதா நகர்ந்தாள்.

அறிவு வெளியே விழுந்து, கால்வாயோரம் தவழ்ந்துபோய் வாந்தியெடுத்தான். எத்திராஜ் கிடந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாடைலயே எடுங்கப்பா" என்றான், தலையைத் தூக்காமல்.

எழுந்திருக்கப் பார்த்தவனுக்கு வலது கை விரியவில்லை. அவன் கை ஊன்றிய இடத்தில், எத்திராஜ் விழுந்தபோது கவிழ்ந்த பசை, மேலே ஏடு கட்டி அடியில் இளகிக் கிடந்திருக்கிறது. விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

நர்மதா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்துவந்தாள். கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து, அவன் கையை வெடுக்கென்று மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

"எரியுது அண்ணி."

"தீச்சட்டி புடிக்கணும்ல" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மேளம் மறுபடி தொடங்கியது. அவள் அடுத்த விரலைப் பிடித்தாள்.