கிளையை அறுத்தவரும் அடிமரத்தை அறுத்தவனும்

இரண்டு மரப் பேரினங்களை அண்ணன் தம்பி என்று முப்பது வருடங்களுக்கு முன்னால் அறிவித்தவர் என் ஆய்வு வழிகாட்டி. அந்தக் கட்டுரையால்தான் அவருக்குப் பதவி, தனி அறை, சுழலும் நாற்காலி. முனைவர் பட்டத்துக்காக அதே மரங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாகச் சீவப்போன நான், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கண்டுபிடித்துத் தொலைத்தேன். அவர் கையெழுத்தில்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது.

விஷயம் சிறியது. கட்டைக்குள் நீர் ஏறும் குழாய்கள் உண்டு. ஒரு குழாய் அடுத்ததோடு சேரும் இடத்தில் சில மரங்களில் ஏணிப்படி மாதிரி இருக்கும். சிலவற்றில் வெறும் ஓட்டை. இரண்டிலும் ஏணியைப் பார்த்துத்தான் சார் சொந்தம் சேர்த்துவைத்தார். அடிமரத்தை அறுத்துவந்து சீவிய எனக்கோ முதல் மரத்தில் ஓட்டைதான் வந்தது. மறுபடி சீவு என்றார். சீவினேன்; ஓட்டை. வேகவைத்துச் சீவு என்றார். வெந்த ஓட்டை. பதினோராவது தடவை பிளேடு மாற்றிக் கொடுத்த ஆய்வகத்து அக்கா, சாரின் பழைய ஸ்லைடுப் பெட்டியையும் சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளினார்.

முதல் மரத்தின் ஸ்லைடில் நட்டநடுவே பஞ்சு போன்ற பகுதி, சுற்றி மூன்றே வளையம். விரல் பருமன் கிளை! இரண்டாவது மரத்திலோ அடிமரத்தை அறுத்திருக்கிறார். சில மரங்களின் இளங்கட்டையில் ஏணி இருக்கும், முற்றினால் ஓட்டையாகிவிடும் என்பது எங்கள் முதல் வருடப் பாடம். நடத்துபவர் சார்தான். பல் முளைக்காத குழந்தையையும் பல் விழுந்த கிழவரையும் இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

முதல் மரத்தின் அவர் ஸ்லைடையும் என் ஸ்லைடையும் அவர் மேசையில் வைத்தேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நல்லா சீவியிருக்கே" என்றார் கடைசியில். "மேலும் ஆய்வு தேவைன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுப்பா. அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகுறேன்."

"ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே சார்."

"அப்ப கையெழுத்து?"

"போடறதும் போடாததும் உங்க இஷ்டம் சார். அந்த ரெண்டு மரமும் யாரைக் கேட்டும் சொந்தமாகாது."

வேறு வழிகாட்டி கிடைக்க இரண்டு வருடமாகும் என்று நினைவூட்டினார். கட்டை கெட்டுப்போகாது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையெழுத்துக் கோடு காலியாகவே இருக்க, ஆய்வேட்டை அலுவலகத்தில் நீட்டினேன். வாங்க முடியாது என்றார் குமாஸ்தா. ஏன் வாங்கவில்லை என்று எழுத்தில் தரச் சொன்னேன். அப்படி ஒரு படிவமே இல்லையாம். எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் வெள்ளைத்தாளைத் தேடத் தொடங்கினார்.