ஒரு தலைக்கு இரண்டு நேர்த்தி

குளித்துவிட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்த பவானியின் தலையில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது. மாமியார் சவரியம்மாளின் கைதான். உச்சியில் ஒரு கொத்து முடியைப் பிடித்து நிமிர்த்தி, அதை ஒட்டித் தன் விரல்களைப் படுக்கவைத்து அளந்து பார்த்தாள்.

"மூணு வெரக்கடை வந்துருச்சு. இன்னும் ஒரு வெரக்கடை வளரட்டும், வேளாங்கண்ணிக்கு பஸ் சீட்டுப் போட்டுரலாம்."

இது திங்கட்கிழமை அளவு. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அளவும் நடந்திருந்தது. அது பெற்ற தாய் சோணையம்மாளுடையது. மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து ராயப்பன்பட்டிக்கு வருவாள். களை வெட்டிக் காய்த்த கை, விரல்கள் தடிமன். அதனால் அவள் அளந்தால் எப்போதும் அரை விரல் குறைந்தே இருக்கும். "சித்திரைக்குள்ள வளந்துரும்த்தா. வீரபாண்டியில போயி எறக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு, மாதா கோயிலில் பூசை முடிந்து சம்பந்தி வீடு திரும்புவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் மோட்டார்களை ரிப்பேர் பார்க்கும் இம்மானுவேலை, நான்கு வருஷத்துக்கு முன்னால் பவானி ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இரண்டு தாய்மாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்திக்கு இன்னொருத்தி வெறும் 'அந்தப் பொம்பள'.

போன புரட்டாசியில், அதாவது இரண்டாயிரத்து ஆறில், சின்னமனூர் ரோட்டில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இன்னும் இழுக்கவில்லை. பைக் தூக்கிப் போட்டதில் பின்னால் ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்த பவானி மல்லாக்க விழுந்தாள். இம்மானுவேலுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. சிராய்ப்பு இல்லாமல் போன குற்றத்துக்காக அவன் அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினான். அம்மா சொன்னாலும் ஆட்டினான், மாமியார் சொன்னாலும் ஆட்டினான்.

மதுரையில் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பவானிக்குப் பதினோரு நாள் நினைவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று வராந்தாவின் ஒரு கோடியில் சோணையம்மாள் நின்று, "வீரபாண்டி கௌமாரி ஆத்தா, எம்மக கண்ணு முழிச்சா அவ தலமுடிய ஒனக்கு எறக்குறேன்" என்று முந்தானையில் முடிச்சுப் போட்டாள். மறுகோடியில் சவரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, "ஆரோக்கிய மாதாவே, எம் மருமக பிழைச்சா அவ முடி ஒமக்குத்தான்" என்று வேண்டினாள். இரண்டு பேர் மனத்திலும் இருந்தது ஒரே சடை. முழங்காலைத் தொடும் சடை. தெருவே கண் வைக்கும் சடை. பன்னிரண்டாம் நாள் பவானி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். வினை அங்கே ஆரம்பித்தது.

கட்டுப் போட்ட தலையைப் பார்த்ததுமே சடை போய்விட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் என்ன, இனி முளைப்பது நேர்ந்த முடிதானே என்று இருவருமே தனித்தனியாக முடிவு செய்தார்கள். ஆனால் சண்டை முடிக்காக இல்லை. முடி வீரபாண்டிக்குப் போனால் காப்பாற்றியது மாரி என்றாகிவிடும், மாதா தூங்கிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தமாகும். வேளாங்கண்ணிக்குப் போனால் அதற்கு நேர் தலைகீழ். எந்தச் சாமி நிஜம் என்ற வழக்கு மூன்று விரல் முடியில் வந்து நின்றது.

"அந்தத் தல வீரபாண்டிக்குப் போச்சுன்னா இந்த நெலையத் தாண்டி நீ உள்ள வர வேணாம்" என்று சவரியம்மாள் சொல்லிவிட்டாள். "வேளாங்கண்ணியில எறக்கிட்டு எம்மூஞ்சியில முழிக்காத, நான் செத்தாலும் வராத" என்று சோணையம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். சாமிகளின் ஆட்கள் இவ்வளவு கறாராக இல்லை. மாதா முடியைக் கேட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்று பங்குச் சாமியார் சிரித்தார். ஆத்தா பொறுத்துக்கொள்வாள், ஒரு சிட்டிகை முடி போதும் என்று பூசாரியும் சொன்னார். இரண்டு பதிலும் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

நடுவில் பவானிக்கு உள்ளூரப் பயம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆத்தா கோபம் என்றாள் அம்மா. மாதா சோதிக்கிறாள் என்றாள் மாமியார். இரண்டில் ஒன்றுதான் உண்மையான சாமி என்றால், தெரியாத்தனமாக மற்றதன் வாசலில் தலையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அடுப்படியில் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் இதே யோசனை. அந்தப் பதினோரு நாளைத் துழாவித் துழாவிப் பார்த்தாள். சிவப்புச் சேலை தெரிந்ததா, நீல அங்கி தெரிந்ததா? ஒன்றுமே தெரியவில்லை. கரண்டு போன வீடு மாதிரி இருந்தது. யாரிடமும் இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், உனக்கு ஒருத்தர்கூடக் கண்ணில் படவில்லையா என்று கேட்பார்களே.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. அந்த முடி அவளுக்கு வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு இருந்தவள் அவள். தையல் போட்ட தழும்பு காதிலிருந்து உச்சி வரை ஓடியது. அதை மூடிக்கொண்டு முதலில் பூனைமுடி வந்தது, பிறகு கருத்தது, பிறகு செருகிய சீப்பு விழாமல் நின்றது. சீப்பு நின்ற அன்று அவள் குளியலறையில் போய் அழுதாள். செத்துப் பிழைத்தவளுக்கு உயிர் திரும்பி வந்ததன் அடையாளம் அதுதான். அதைப் போய் இரண்டு பேரும் விரல் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

பங்குனிக் கடைசியில் மறுபரிசோதனைக்காக மதுரைக்குப் போனாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது, தலைவலி காயம் ஆறுவதால் வருவது, போகப்போகக் குறையும் என்றார். வெளியே வந்தபோது மலையாளம் கலந்து பேசும் நர்ஸ் ஒருத்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"முடியெல்லாம் வந்நாச்சே! நல்ல நீளமாயிட்டு இருந்தது. நான்தான் மழிச்சது. வெட்டும்போ எனிக்கே சங்கடமா இருந்தது."

"அம்மாவும் அத்தையும் அழுதாகளா?" என்று பவானி சும்மா கேட்டு வைத்தாள்.

"அவங்க எங்க பார்த்தாங்க? காலைல ஒம்பது மணிக்கே மழிச்சு முடி வாளியில போயாச்சு. அந்த ரெண்டு அம்மாவும் வந்து சேர்ந்தது உச்சைக்கு, மத்தியானம்."

பவானி அந்த வராந்தாவிலேயே சிரிக்க ஆரம்பித்தாள். இம்மானுவேல் பயந்துபோய் மறுபடியும் டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டான். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்வரை பஸ்ஸில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். தேனி வருவதற்குள் சிரிப்பு நின்று யோசனை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்து, நேராக மாட்டினாள்.

வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா தொடங்கி மூன்றாம் நாள், ஞாயிறு அல்லாத ஒரு நாளில், சோணையம்மாள் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். சவரியம்மாள் வீட்டில் இருந்தாள். வேளாங்கண்ணிக்கு அன்று ராத்திரி பஸ்ஸுக்கு நான்கு சீட்டு வாங்கி, மாதா படத்துக்கு அடியில் வைத்திருந்தாள்.

"கெளம்புத்தா. ஆட்டோ நிக்கிது" என்றாள் சோணையம்மாள்.

"எங்கன கெளம்புறது? சீட்டுப் போட்டாச்சுன்னு அந்தப் பொம்பளகிட்டச் சொல்லு பவானி."

"எம்மகளக் கூட்டிட்டுப் போக நான் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்லன்னு நீ சொல்லு."

பவானி நடுவீட்டில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் எந்த முடிய நேந்தீக?"

"ஒஞ் சடையத்தான்" என்று இரண்டு பேருமே ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அந்தச் சடை காலையில ஒம்பது மணிக்கே குப்பை வாளிக்குப் போயிருச்சு. நர்ஸம்மா சொன்னாக. நீங்க வந்ததே மத்தியானம். இல்லாத முடிய எடுத்துத்தான் ஆளுக்கொரு சாமிக்குக் குடுத்துருக்கீக."

சோணையம்மாளுக்கு நிஜமாகவே முகம் வெளுத்துவிட்டது. "அப்ப... சாமிக்குச் சொன்ன சொல்லு?"

"சொன்னது நானா? நான் பொணமாட்டம் கெடந்தேன். சொன்ன வாயி எந்தத் தலையில இருக்கோ அந்தத் தலையக் குடுங்க."

இரண்டு பேரின் கையும் அவரவர் கொண்டைக்குப் போனது. சோணையம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் கொண்டை தேங்காய் அளவு இருக்கும். சவரியம்மாளுக்கு எலிவால்தான். ஆனாலும் மாதம் தவறாமல் மை பூசுவாள்.

"எந்தச் சாமி நெசம்னு எனக்குத் தெரியாது" என்றாள் பவானி. "பதினோரு நாளும் எங்கண்ணுல ஒரு சாமியும் படல. ரெண்டும் நெசமா இருக்கலாம். அதுகளுக்குள்ள சண்டையிருந்தா அதுக பேசி முடிச்சுக்கிரட்டும். என் தலையில வச்சு முடிக்க வேணாம். இது ஒரு தடவை போயித் திரும்பி வந்த முடி. நான் குடுக்க மாட்டேன்."

"அவ சொல்றது சரிதான்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. இம்மானுவேல். ஏழு மாதத்தில் அவன் தலையாட்டாமல் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பின்வாங்கவில்லை.

சோணையம்மாள்தான் முதலில் அசைந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "குடுக்க மாட்டேன்னு நெனச்சியாக்கும்? எம் முடிய நான் என் ஆத்தாளுக்குக் குடுக்க எவளைக் கேக்கணும்? வாடி ஆட்டோவுல ஏறு. நீயே வந்து பாரு."

சவரியம்மாள் செருப்பை மாட்டினாள். "நானும் வாரேன். நுனி முடியக் கத்தரிச்சுட்டு வந்து மொட்டைன்னு ஏமாத்துனா? நாளைக்கு என்னையப் பாக்க அந்தப் பொம்பளையும் வரட்டும்."

வீரபாண்டியில் கால் வைக்க இடமில்லை. முல்லையாற்றில் தலை தலையாக ஜனம். ஈரச் சேலையோடு பெண்கள் குடம் குடமாகக் கொண்டுபோய்க் கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தீச்சட்டிகள் வரிசையாகப் போக, உறுமி காதைப் பிளந்தது. முடி இறக்கும் கொட்டகையில் சோணையம்மாள் பலகைமேல் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி தரையில் விழுந்து சுருண்டது. "எம்புட்டு முடி!" என்று சவரியம்மாளே தன்னை மறந்து சொல்லிவிட்டாள். சோணையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது தலையில் தெளித்த தண்ணீர்தான் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து நிமிஷத்தில் மழித்து முடித்த நாவிதர், கத்தியை உதறி, "அடுத்த ஆளு" என்றார்.

"ஏப்பா, நில்லு." சவரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மொட்டைத் தலையைச் சுற்றி வந்து குனிந்து குனிந்து பார்த்தாள். "காதுக்குப் பின்னாடி கருப்பாத் தெரியுது பாரு. நேந்தது முழுத் தல. மிச்சம் வச்சா அந்த ஆத்தா என்ன நெனப்பாக?"

"அங்கன கத்தி வச்சா இவுக ஆடுறாகம்மா."

"ஆட மாட்டாக. நான் பிடிக்கிறேன்." சவரியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரத் தரையில் மண்டிபோட்டாள். ஜெபமாலை சுற்றிய கையால் சோணையம்மாளின் தாடையை ஏந்திப் பிடித்து, இன்னொரு கையால் காது மடலை மடக்கினாள். "ஆடாதீக மதினி. இம்புட்டுத்தான்."

மதினி என்ற வார்த்தையைக் கேட்டுச் சோணையம்மாள் கண்ணைத் திறந்தாள். ஒரு சாண் தூரத்தில் சம்பந்தியின் முகம். நான்கு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு ஒங்க தலைய நாந்தான் பிடிப்பேன் மதினி" என்றாள்.

"பிடிங்க."

"நல்லா அமுக்கிப் பிடிப்பேன்."

"பிடிங்களேன், யாரு வேணாம்னா?"

பவானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உறுமியையும் மீறிக் கேட்ட அந்தச் சிரிப்புக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆற்றுக் காற்று அவள் முடியைக் கலைத்து நெற்றியில் போட்டது. அவள் ஒதுக்கவில்லை. கீழே, நாவிதர் குனிந்து காதுக்குப் பின்னால் கத்தியை வைக்க, சோணையம்மாளின் கை பிடிமானத்துக்குத் துழாவி, சவரியம்மாளின் தோளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது.