வேப்பிலை கட்டிய கதவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் பினாங்கு முழுக்கக் காய்ச்சல். ஜெலுத்தோங்கில் எங்கள் லைன் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நோய் கண்ட வீட்டுக்குப் போகாதீர்கள் என்று எழுதியிருந்ததாம். அதுவும் இங்கிலீஷில். லைனில் ஒருத்தருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது ஒட்டியவனுக்குத் தெரியாதா என்ன?

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்கு நோட்டீஸ் தேவைப்படவில்லை. மகன் படுத்த அன்றே வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். அம்மை கண்டால் கட்டுகிற வழக்கம், இந்தக் காய்ச்சலுக்கும் கட்டினார்கள். அந்த இலையைப் பார்த்த பிறகு தமிழன் எவனும் படியேற மாட்டான். மகன் எழுந்துவிட்டான், வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். எங்களுக்கு வேப்பிலை ஆகாது. நோயாளி வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, சிலுவையில் இயேசு தொங்கும் ஒரே பாடுபட்ட சுரூபத்தை எல்லாரும் உதடு வைத்து முத்தி செய்வதுதான் எங்கள் வழக்கம். என் புருஷன் வின்சென்ட் ஹார்பரிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தார். தொட்டிலில் என் மகள் ஆலிஸ். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

லெட்சுமி அக்காவிடம் போய் நின்றேன். ஒரு கொத்தை ஒடித்துக் கொடுத்தாள்.

"கட்டு தெரேசா. பச்சப்புள்ள இருக்கிற வீடு. ஒங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு லா."

சாயங்காலம் எங்கள் கோயில் உபதேசியார் லாரன்ஸ் ஜெபக் கூட்டத்தோடு வந்தார். கதவில் நான் கட்டியிருந்த கொத்தைப் பார்த்தார், பிய்த்துச் சாக்கடையில் போட்டார்.

"ஞானஸ்நானம் வாங்குன வீட்டுல பிசாசு இலையா? நாம எப்படித் தல நிமிந்து நடக்கிறது?"

"கைக்கொழந்த இருக்கு உபதேசியாரே. வெளிய நின்னு ஜெபம் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"விசுவாசம் இல்லாதவதான் பயப்படுவா."

என்னை ஒதுக்கிவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றி எரிகிறது. இருமிக்கொண்டே முத்தி செய்தார்கள். கடைசியில் உபதேசியார் அதே சுரூபத்தை என் ஆலிஸின் வாயில் வைத்து எடுத்தார்.

வின்சென்ட் பிழைத்துக்கொண்டார். ஆலிஸ் பிழைக்கவில்லை. குழிமேட்டில் நின்று, தேவ சித்தம் என்றார் உபதேசியார். சொல்ல வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

அந்த மாதமே ஒருநாள் பாசாரிலிருந்து திரும்புகிறேன், உபதேசியார் வீட்டுக் கதவில் வேப்பிலை. நின்றுவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் அவர் முகம்.

"வராதேம்மா. மகளுக்குக் காய்ச்சல். பேரப்புள்ள தொட்டில்ல கெடக்குது."

"இப்ப எப்படித் தல நிமிந்து நடப்பீங்க, உபதேசியாரே?"



கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார். கொத்து அவிழ்ந்து, விழுகிற மாதிரி தொங்கியது. தெருக்கோடியில், அன்று என் வீட்டுக்கும் வந்த அமலம்மாள் அதே சுரூபத்தை ஏந்தி முன்னால் வர, ஜெபக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பேசாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். உள்ளே குழந்தை அழுதது.

படியேறி, கொத்தைக் கதவில் இறுக்கிக் கட்டினேன். கூட்டம் வாசலுக்கு வந்தது. நான் இறங்கவில்லை.

"இதையும் பிச்சுப் போடணும்னா, மொதல்ல என்னைத் தள்ளிட்டுப் போங்க" என்றேன்.