ஓசையில்லாத வில்

...இல்லை, கடற்காற்று ஓசையைத் திருப்பியடிக்கிறது, அதனால்தான் அப்படிக் கேட்கிறது, வேறொன்றுமில்லை. மேடையில் கடைசி வரிசை வயலின்காரரின் இசைத்தாளைக் காற்று கொண்டுபோய்விட்டது, அவர் வில்லை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து தேடுகிறார், பக்கத்திலிருப்பவரும் குனிகிறார், ஆனால் வயலின்களின் ஓசையில் ஓர் இழைகூட இளைக்கவில்லையே... ஸுஹைர் அந்த நினைப்பை அதோடு நிறுத்தப் பார்த்தாள். இன்றைக்குப் போய் இப்படி நினைக்கலாமா? கணவர் ஃபத்ஹியை இந்தக் கச்சேரி நாற்காலி வரைக்கும் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "ஒரே ஒரு தடவ வந்து உங்க மகன் வாசிக்கிறதக் கேளுங்க, அப்புறம் இதப்பத்தி நான் வாயத் திறந்தா ஏன்னு கேளுங்க" என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தாள். பொறியியல் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஹைதம் படிப்பை விட்டு வயலினைத் தூக்கிக்கொண்டு கெய்ரோவுக்குப் போன நாளிலிருந்து அப்பனும் மகனும் பேசவில்லை. அவன் பிறந்த அன்றிலிருந்து அவளை உம்மு ஹைதம், ஹைதமின் தாயே, என்று அழைத்து வந்த மனிதர், அன்று முதல் வெறும் ஸுஹைர் என்று கூப்பிட ஆரம்பித்தார், தன் துறைமுக அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தாவைக் கூப்பிடுவதுபோல. அந்தப் பெயர் அழகான பெயர்தான், ஆனால் அது காதில் விழும்போதெல்லாம் வீட்டில் யாரோ செத்துப்போனதுபோல இருக்கும்.

பாடகர் வந்ததே தாமதமாகத்தான், வந்ததும் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நடந்தார். பின்வரிசையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த அம்மாள் உரக்கவே சொன்னாள், "பாரு மகளே, பாட்டு முன்னாடி ஓடுது, இவரு வாய் மூச்சு வாங்கிட்டுப் பின்னாடி வருது. நாமளே பாடணும்னா நான் சமையக்கட்டுலயே பாடியிருப்பேனே, அங்க உக்கார மெத்தையாவது இருக்கு!" சுற்றிலும் சிரித்தார்கள். ஃபத்ஹியும் சிரித்தார், "பாடகன் கிடக்கட்டும் ஹாஜியம்மா, அவனுக்குப் பின்னால வாசிக்கிறவங்களக் கேளுங்க" என்று திரும்பிச் சொன்னார். அவரா சொன்னார்? ஸுஹைர் அவரைத் திரும்பிப் பார்த்தாள், அந்த நேரத்தில்தான் பெரிய திரையில் ஹைதமின் முகம் வந்தது, நடுவில் வயலின் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம், எல்லாரும் அடங்கிவிட்டார்கள். கேமரா அவன் விரல்களுக்கு இறங்கியது, வில்லுக்கு, தந்திகளுக்கு... அவள் கண் தானாகத் தந்திகளுக்குக் கீழே போயிற்று. தூள் இல்லை. வில்லில் தேய்க்கும் பிசின், பத்து நிமிடம் வாசித்தால் மாவுபோல அந்த மரத்தின்மேல் உதிரும், எத்தனை வருடம் மெல்லிய துணியால் துடைத்திருக்கிறாள், "அதத் தொடாதேம்மா, கீறிடும்" என்று அவன் கத்தக் கத்தத் துடைத்திருக்கிறாள். இத்தனை நேரம் வாசித்தவனின் வயலின் கடையில் வைத்ததுபோல் பளபளக்கிறது. எங்கேயோ, என்றோ, யாரோ வாசித்துப் பதிந்த ஓசை... அவனோ கண்ணை மூடி, கீழுதட்டைக் கடித்து, தலையைச் சாய்த்து... அதே முகம், பன்னிரண்டு வயதில் கதவிடுக்கு வழியாக அவள் பார்த்த முகம், இந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிங்க வேண்டாம்னு சொல்வீங்க என்று அவரோடு மல்லுக்கு நின்றாளே, அந்த முகம். ஓசை இல்லாமலும் அந்த முகம் வருமா? அப்படியானால் அன்றைக்கு அவள் பார்த்தது எதை?

"அல்லாஹ்! அல்லாஹ்!" என்று பக்கத்தில் யாரோ கத்தினார்கள். ஃபத்ஹிதான், பாதி எழுந்து நின்றிருந்தார், கன்னம் நனைந்திருந்தது. "கேட்டியா உம்மு ஹைதம்? நம்ம பையன்!" அவள் கேட்டதாகத் தலையாட்டினாள். எத்தனை தொழுகையில் கேட்டு வாங்க நினைத்த சொல், வந்துவிட்டது, வந்த இடத்தில் வைக்கத்தான் மனசுக்குள் இடமில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் ஆட்டம் முடிந்தது, இரண்டு பேரும் மறுபடி பிரிந்துபோவார்கள். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் என்ன, இப்படியே இருக்கும்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது, கடற்கரைச் சாலையின் ஹாரன் சத்தத்தில் அவள் கைப்பேசி அடித்தது, அவள் ஒலிபெருக்கியைப் போட்டு "ஹைதம்" என்பதற்குள் அவர் வாங்கிக்கொண்டார். "டேய், நான்தான்." அந்தப் பக்கத்திலிருந்து, "பாபா?" "கழுதை, இப்படி வாசிப்பேன்னு ஏன்டா சொல்லல? அந்த நடுவுல, தனியா... அத எப்படிடா?" ஸுஹைர் நின்றுவிட்டாள். ஒரு தடுமாற்றம் போதும், ஒரு மூச்சு, அதைப் பிடித்துக்கொண்டு அவள் அவனை மன்னித்துவிடுவாள். "ராவும் பகலுமா பழகினேன் பாபா, உங்களுக்காகத்தான்." எவ்வளவு வழவழப்பாக வந்தது, எங்கோ கேட்ட குரல்போல... பெருநாளைக்குப் பெருநாள், அவன் கேட்டே இராதபோதும், "பையன் உங்களத்தான் முதல்ல விசாரிச்சான்" என்று அவளே இவரிடம் சொல்வாளே, அந்தக் குரல். அப்போதெல்லாம் இவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். ஃபத்ஹி கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்தது அதே சிரிப்புத்தான், அவர் அவளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்... அவர் நம்பித்தான் சிரித்தாரா, அந்தப் பெருநாள்களிலும், இன்றும்?