மருந்து போகும் வழி

ஸ்கேனுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து மூன்றாம் படுக்கைக்காரர் அடங்கவே இல்லை. வாயில் இருந்த மூச்சுக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஒரு கையை நர்ஸும் மறுகையை அவர் மனைவியும் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"டாக்டர், தூங்க வைங்க! இவர் படுற பாட்டைப் பாக்க முடியல," என்றார் அந்த அம்மா.

தூக்க மருந்தைப் பம்பு தள்ளிக்கொண்டுதான் இருந்தது. வேகத்தைக் கூட்டினேன். அசரவில்லை. மறுபடி கூட்டினேன். இவ்வளவு மருந்துக்கு யானையே சாய்ந்திருக்கும். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"பிரஷர் ஏற்கெனவே கம்மி மேடம். இதுக்கு மேல தாங்காது," என்றாள் நர்ஸ். வருஷக்கணக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவள். உன் வேலையைப் பார் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

பிடித்திருந்த கையை என்னிடம் தள்ளிவிட்டு, பம்பிலிருந்து அவர் கழுத்து நரம்புவரை போகும் மருந்துக் குழாயைத் தடவிக்கொண்டே போனாள்.

"அட, குழாய்த் திருகு மூடியிருக்கு! ஸ்கேனுக்குப் போறப்ப மூடினது."

ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. அவள் விரல் திருகைத் திறக்கப் போனது.

"கையை எடுடி!"

எத்தனை சண்டையிலும் நான் அவளை 'டி' போட்டதில்லை. நான் கூட்டிக் கூட்டித் தள்ளிய மருந்தெல்லாம் குழாயில் முட்டிக்கொண்டு நின்றது. திறந்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். இருக்கிற பிரஷருக்கு இதயம் நின்றுபோகும்.

பம்பை நிறுத்தினேன். திருகைத் திறக்காமலே அவள் குழாயைக் கழற்றினாள். வெள்ளை மருந்து பீச்சியடித்து அவள் கையிலிருந்த பஞ்சை நனைத்தது. இருவரும் அதையே பார்த்தோம். சண்டை போடத் தோன்றவில்லை.

வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, குழாயை மாட்டி, திருகைத் திறந்தோம். பம்பை ஓடவிடப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். என்னைப் பாக்கறார்."

உண்மைதான். அவர் கண் மனைவியின் முகத்தைத் தேடிப் பிடித்திருந்தது.

"என்னங்க, நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கீங்க. அந்தக் குழாய் மூச்சுக்குங்க, இழுக்காதீங்க. நான் எங்கயும் போகல."

திமிறிய கை தளர்ந்து, மனைவியின் விரல்களைப் பற்றிக்கொண்டது. அவர் திமிறத் திமிற அலறிக்கொண்டிருந்த மூச்சு இயந்திரம் அடங்கியது. பிரஷர் மெல்ல ஏறத் தொடங்கியது.

"இப்படியே விட்டுப் பாப்போமா மேடம்? நான் பக்கத்துலயே நிக்கறேன்," என்றாள் நர்ஸ்.

தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. ஸ்கேனிலிருந்து திரும்பியதுமுதல் ஆளுக்கொரு கையைப் பிடித்து அமுக்கினோமே தவிர, நீங்கள் இருப்பது ஆஸ்பத்திரியில் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கோ நர்ஸுக்கோ தோன்றவில்லை.