லிஃப்ட் கணக்கில் நின்ற அப்பா

நிரஞ்சனாவின் அப்பா பொன்னுரங்கம் திங்கட்கிழமையிலிருந்து கூடத்து விசிறிக்குப் பக்கத்தில் இருக்கிறார். விசிறி போடுவதில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

தப்பு அவர் பேரில்தான். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பெண் பி.எஸ்ஸி. இயற்பியல். ஒரே ஒரு பேப்பர் அரியர். இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் பொன்னுரங்கத்துக்கு வாய் சும்மா இருக்காது.

ஒரு மனிதன் லிஃப்டில் நிற்கிறான் என்று கணக்கு.

"எவனோ ஒருத்தன் எதுக்கு? என்னை வச்சுப் போடு. அப்பத்தான் மனசுல நிக்கும்."

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. அன்றைக்கு வந்தது. பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கணக்கின் முதல் பகுதியில் லிஃப்ட் மேலே போயிற்று. இரண்டாம் பகுதியில் கயிறு அறுந்தது. விழுகிற லிஃப்டில் மனிதனின் எடை பூஜ்யம். நிரஞ்சனா அதை எழுதி அடியில் கோடு போட்டாள். லிஃப்ட் நின்றபின் அவன் எடை எவ்வளவு என்பது மூன்றாம் பகுதி. அதற்குள் அம்மா கோமளா பஜ்ஜி கொண்டுவந்தாள். கணக்கு அப்படியே கிடந்தது.

பொன்னுரங்கம் பூஜ்யத்தோடு வீட்டுக்குள் வந்தார். பஜ்ஜி நெடியில் தும்மினார். மேலே போனார்.

கோமளா துடைப்பத்தால் அவரைத் தள்ளித் தள்ளி ஒட்டடை எடுத்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். இப்பத்தான் அந்த மூலைக்குப் போறாரு," என்றாள்.

பக்கத்து வீட்டு எஸ்தர் புளி கடன் கேட்க வந்தாள். அவள் வீட்டில் புளி இருந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சாண்ணே?"

"ஆச்சும்மா."

"ஆபீசுக்கு?"

"லீவு சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"தலைசுத்தல்னு."

எஸ்தர் நிரஞ்சனா பக்கம் திரும்பினாள். "மூணாவது பகுதியப் போட்டு அவரை இறக்கி விடக் கூடாதா பாப்பா?"

"கைடுல அந்தப் பக்கம் இன்னும் மனப்பாடம் ஆகல ஆன்ட்டி."

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கணக்குப் போடுவது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கைடில் இருப்பதை எண்ணோடு சேர்த்து விழுங்குவார்கள். பரீட்சையில் கக்குவார்கள். அந்தக் கைடில் லிஃப்ட் மனிதனின் எடை ஐம்பது கிலோ என்று இருக்க வேண்டும். அச்சில் பூஜ்யம் உதிர்ந்து ஐந்து ஆகிவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு ஐந்தாகவே வந்தது. ஐந்து என்று எழுதித்தான் ஊரே பாஸானது. எழுதினவர்களில் சிலர் இப்போது பேராசிரியர்கள்.

நிரஞ்சனா அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். கைடை மூடினாள். தானாகவே யோசித்துப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் யாருக்கும் இப்படி ஒரு சங்கடம் நேர்ந்ததில்லை.

பரீட்சை அன்று வீட்டுக் கூடமே பரீட்சைக் கூடமாக நீண்டுகொண்டே போனது. கோடியில் ஒரே ஒரு பெஞ்சு. திருத்துகிறவர் சமையலறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"மூணாம் பகுதி. மனிதனின் எடை?"

நிரஞ்சனா எழுதினாள். எழுபத்திரண்டு.

பொன்னுரங்கம் இறங்க ஆரம்பித்தார். முழங்கால் பெஞ்சுக்கு நேராக வந்தது. கட்டைவிரல் தரையைத் தொட்டது. தரை சில்லென்று இருந்ததோ என்னவோ, சிரித்தார்.

"விடைக்குறிப்புல அஞ்சு," என்றார் திருத்துகிறவர்.

"அப்பா எழுபத்திரண்டு சார். தூக்கிப் பாருங்க."

"தூக்கிப் பார்க்கிறது சிலபஸ்ல இல்ல."

"அப்ப இது தப்பா?"

"சரிதான். மார்க்குத்தான் கிடையாது. பட்டமும் கிடையாது."

பொன்னுரங்கத்தின் முகம் மாறியது. "அடிச்சிட்டு அஞ்சுன்னு போடும்மா."

"அஞ்சுன்னு போட்டா நீங்க அஞ்சாவே இருந்துடுவீங்கப்பா."

"அச்சடிச்சவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"எனக்கு நிஜமாவே தெரியும்ப்பா."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? போடு."

கோமளா வாசலிலிருந்து, "அஞ்சு ராசியான நம்பர்தாண்டி," என்றாள்.

நிரஞ்சனா அப்பாவின் பாதத்தைப் பார்த்தாள். இப்போது முழுப் பாதமும் தரையில் பதிந்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. அவள் எழுபத்திரண்டை அடித்தாள். ஐந்து என்று எழுதினாள். பாதம் தரையை விட்டுக் கொஞ்சம் தளர்ந்தது.

திருத்துகிறவர் முழு மதிப்பெண் போட்டார். மிச்சமிருந்த பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னார்.

மறுநாள் நிரஞ்சனா வீடு வீடாக லட்டு கொடுத்தாள். ஒரு கையில் டப்பா. இடுப்பில் அப்பா. ஆள் பழைய உயரம், பழைய தொப்பை, பழைய மீசை. நடந்தால் காற்று கொண்டுபோய்விடும் என்று தூக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவரே முந்திக்கொண்டு, "பொண்ணு பாஸு," என்றார்.

எஸ்தர் லட்டு எடுத்தாள். "அப்பாவையும் சுமந்துக்கிட்டு மூணு மாடியா? கனக்கலையா பாப்பா?"

"இல்ல ஆன்ட்டி," என்றாள் நிரஞ்சனா. கண்ணீர் டப்பாவுக்குள் விழுந்தது.

பொன்னுரங்கம் இடுப்பிலிருந்தபடியே குனிந்து பார்த்தார்.

"பாஸானதுக்கு எவளாவது அழுவாளாம்மா?" என்று எஸ்தரைக் கேட்டார்.

எஸ்தர் நனையாத லட்டாகப் பார்த்து இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.